நெய்வேலியில் குறைந்த 22 ஆயிரம் பேர்

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நெய்வேலி டவுன்ஷிப்பில் 1,28,133 பேர். 2011-ல் 1,05,731 பேர். பத்தே வருசத்தில் 22,402 பேர் குறைவு, அதாவது நூற்றுக்குப் பதினேழு பேருக்கு மேல். அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 15.6 சதவீதம் கூடியிருக்கிறது. சுரங்கமும் ஓடியது, அனல்மின் நிலையமும் ஓடியது. அப்புறம் ஆட்கள் எங்கே போனார்கள்?

இதற்குப் பதில் தேட, அந்த ஊர் உருவான கதைக்குப் போக வேண்டும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்குத் தோண்டியபோது பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. 1956-ல் நெய்வேலி லிக்னைட் நிறுவனம் வந்தது. 1957 மே 20 அன்று சுரங்கப் பணியை நேரு தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி வெளிப்பட்டது, 1962-ல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கூடவே வேலைக்கு வந்தவர்களுக்காக ஒரு நகரம்: நேர்கோட்டுச் சாலைகள், பிளாக் பிளாக்காக வீடுகள், வீட்டைச் சுற்றி மரங்கள்.

அந்த வீடுகள் குவார்ட்டர்ஸ். வேலை இருக்கும்வரை வீடு, ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஆக, டவுன்ஷிப்பின் மக்கள்தொகை கிட்டத்தட்ட ஒரு பெருக்கல் கணக்குதான்: நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை பெருக்கல் குடும்பத்தின் அளவு. நிரந்தர வேலைகள் குறைந்துகொண்டே வந்தன, குடும்பங்களும் சிறுத்தன. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெரும்பாலும் வெளியேதான் குடியிருக்கிறார்கள். குறைந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

ரிட்டயர் ஆனவர்கள் எல்லாரும் சொந்த ஊருக்குத் திரும்பிவிடவில்லை. பலர் ஆர்ச் கேட்டைத் தாண்டி இந்திரா நகர், வடக்குத்து, இன்னொரு பக்கம் மந்தாரக்குப்பம், கொஞ்சம் தள்ளி வடலூர் என்று மனை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அன்றாட வாழ்க்கையில் இவர்களும் நெய்வேலிக்காரர்கள்தான். கணக்கில் மட்டும் வேறு ஊர். வடக்குத்தைப் பாருங்கள்: மக்கள்தொகைக் கணக்கில் அது நகரம், நிர்வாகத்தில் கிராம ஊராட்சி!

வேறு நாடுகளில் எப்படி எண்ணுகிறார்கள்? 1749-லிருந்தே மக்கள்தொகைப் புள்ளிவிவரம் வைத்திருக்கும் சுவீடனில் ஓர் எளிய விதி உண்டு. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி பொதுவாக 200 மீட்டருக்குள் இருந்து, மொத்தம் 200 பேராவது வசித்தால் அது ஒரே குடியிருப்பு. நிர்வாக எல்லை நடுவில் ஓடினாலும் கவலையில்லை. அந்த விதிப்படி பார்த்தால் நெய்வேலி ஆர்ச் கேட்டோடு நின்றுவிடாது.

அதே சுவீடனில் கிருனா என்றொரு சுரங்க நகரம். அடியில் இரும்புத்தாது வெட்டுவதால் நிலம் உள்வாங்க, ஊரையே இடம் மாற்றுகிறார்கள். 2025 ஆகஸ்டில் நூறு வருசத்துக்கும் பழைய மரத் தேவாலயத்தை அப்படியே வண்டியில் ஏற்றி ஐந்து கிலோமீட்டர் நகர்த்தினார்கள். உலகமே நேரலையில் பார்த்தது.

நெய்வேலியிலும் சுரங்கத்துக்காக ஊர்கள் இடம் பெயர்ந்தன. கோயில், குளம், நஞ்சை, சுடுகாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாற்றுக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். இவர்களை எப்படி எண்ணினோம்? 2001, 2011 கணக்கெடுப்புகளில் இடம்பெயர்ந்த காரணத்துக்கு இருந்த பதில்கள் இவ்வளவுதான்: வேலை, வியாபாரம், கல்வி, திருமணம், பிறந்தபின் வந்தது, குடும்பத்தோடு வந்தது, இதர காரணம். திட்டங்களுக்காக நிலம் எடுக்கப்பட்டு வெளியேறியவர்களுக்குத் தனிக் கட்டம் கிடையாது. குடும்பத்தலைவர் ‘இதர காரணம்’ ஆவார், மனைவி மக்கள் ‘குடும்பத்தோடு வந்தது’ ஆவார்கள். நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்க ஊரையே கொடுத்தவர்கள், புள்ளிவிவரத்தில் இதர!

நிலம் எடுப்பது பழங்கதையும் அல்ல. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். நெய்வேலியின் எண் வெளிவந்ததும், ‘ஊர் தேய்கிறது’, ‘ஊர் வளர்கிறது’ என்று யாராவது எழுதுவார்கள். அன்றைக்கு வடக்குத்து, கங்கைகொண்டான், வடலூர் எண்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இடம்பெயர்வு அட்டவணை வந்தால் கடைசிக் கட்டத்தையும் ஒருமுறை பாருங்கள்.