வாடகை டீமும் மண்ணின் மைந்தர்களும்

2019 ஜூலை 14, லார்ட்ஸ்ல உலகக்கோப்பை ஃபைனல். நாங்க ஹாஸ்டல் டிவி ரூம்ல. சூப்பர் ஓவர் போட ஆர்ச்சர் வந்தார். "கேப்டன் மார்கன் டப்ளின், ஸ்டோக்ஸ் நியூசிலாந்து, ராய் தென்னாப்பிரிக்கா, இவன் பார்படாஸ். இது இங்கிலாந்து டீமாடா? வாடகை டீம்!"னு ரூம்மேட் சொல்ல, எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்.

அந்த 'வாடகை'க்கு ஒரு பழைய வரலாறு இருக்குங்க.

பேசில் டி'ஒலிவேரா. 1931-ல கேப் டவுன்ல பிறந்தவர். வெள்ளைக்காரர் இல்லங்கிறதால சொந்த நாட்டு டெஸ்ட் டீம்ல இடமே கிடையாது. ஜான் ஆர்லட்டுக்குக் கடிதம் எழுதி, அவர் உதவியோட 1960-ல இங்கிலாந்து வந்தார். 1966-ல டெஸ்ட் வாய்ப்பு கிடைச்சப்போ வயசு 34. உண்மையைச் சொன்னா எடுக்க மாட்டாங்கன்னு வயசைக் குறைச்சுச் சொல்லியிருந்தார். 1968 ஆகஸ்ட், ஓவல்ல ஆஸ்திரேலியாவுக்கு எதிரா 158 அடிச்சார். அடுத்த சில நாள்ல தென்னாப்பிரிக்கா போற டீமை அறிவிச்சாங்க. அவர் பேர் இல்ல! அப்புறம் கார்ட்ரைட் காயத்தால விலக, இவரைச் சேர்த்தாங்க. தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் இந்த டீம் வேண்டாம்னுட்டார். டூரே ரத்து.

இதோட முடிஞ்சுதா? இல்ல. 1995 ஜூலை, விஸ்டன் கிரிக்கெட் மன்த்லியில ஒரு கட்டுரை வந்தது. வெளியிலிருந்து வந்த குடும்பத்து ஆட்டக்காரர்களுக்கு, பரம்பரை ஆங்கிலேயர்களுக்கு இருக்கிற அளவு ஈடுபாடு இருக்குமாங்கிறதுதான் அதோட கேள்வி. ஜமைக்காவில பிறந்த டெவன் மால்கம் முந்தின வருஷம்தான் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா ஒரே இன்னிங்ஸ்ல 57 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்திருந்தார். அவருக்கே இந்தக் கேள்வி! அவரும் டொமினிக்காவில பிறந்த டிஃப்ரெய்டஸும் கேஸ் போட்டு நஷ்டஈடு வாங்கினாங்க.

சரி, மண்ணின் மைந்தர்கள் கதையையும் பாப்போம். 1982-ல நிறவெறி தென்னாப்பிரிக்காவுக்குக் காசுக்காக ஆடப் போன டீமுக்குக் கேப்டன் கிரஹாம் கூச். 1990-ல அதே மாதிரி போன டீமுக்குக் கேப்டன் மைக் கேட்டிங். ரெண்டு பேரும் லண்டன்காரங்க. கூச்சுக்கு மூணு வருஷம் தடை, பிறகு இங்கிலாந்து கேப்டன் பதவி. கேட்டிங்கும் 1993-ல டீமுக்குத் திரும்பிட்டார். திட்டினவங்க நிறைய பேர். ஆனா யாரும் அவங்க ரத்தத்துல ஈடுபாடு இருக்கான்னு கேக்கல.

வித்தியாசம் திறமையில இல்லங்க, கணக்கு எழுதுற விதத்துல இருக்கு. உள்ளூர்க்காரன் தப்பு பண்ணா அது அவன் தப்பு. வந்தவன் பண்ணா அவன் பிறந்த ஊரோட தப்பு. நம்ம மெட்ராஸ்ல பிறந்த நாசர் ஹுசைன் 1999-ல கேப்டனே ஆனார். ஆனாலும் 2019-ல நாங்க சிரிச்சோமே!

இப்ப ரெண்டு வருஷமா நான் வெளிநாட்டுல பொட்டி தட்டுறேன். போன மாசம் பக்கத்து சீட்டுக்காரர் பில்டை உடைச்சார். "பாவம், தூக்கமில்ல போல"ன்னாங்க. அடுத்த வாரம் நான் உடைச்சேன். "இந்தியாவிலிருந்து வர்ற கோடு எப்பவும் இப்படித்தான்"னாங்க. நான் எழுதினது அதே மாடியில உக்காந்துதான்.

அன்னிக்கு ராத்திரி ரூம்மேட்டுக்கு ஃபோன் போட்டேன். அவன் இப்போ கனடாவுல. "வாடகை டீம் ஞாபகம் இருக்காடா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "இருக்குடா"ன்னான்.