களத்துப் பங்கும் கஞ்சித் தொட்டியும்

அறங்களை முப்பத்திரண்டாகப் பகுத்த நம் முன்னோர், பசித்தார்க்கு அன்னமிடுதலை அவற்றுள் தலையாயதாக வைத்துப் போற்றினர். பொன்னும் பொருளும் பெற்றவன் இன்னும் வேண்டுமென்பான். வயிறார உண்டவன் ஒருவனே போதுமென்று வாய்விட்டுச் சொல்வான். இவ்வுண்மையை அறியாதார் நம்முள் இலர். ஆயினும், அவ்வறம் நாம் வாழும் இத்தொண்டை நாட்டில் எவ்வாறு நடைபெற்றது, எவ்விடத்தில் தளர்ந்தது, எதனால் நிலைத்தது என்பவற்றை ஆராய்ந்தவர் சிலரே.

தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சார்ந்த நம் சங்கத்து இளைஞர் சிலர், 'உணவு வங்கி' ஒன்றனைத் தொடங்க விழைகின்றனர். அரிசி, பருப்பு முதலியவற்றைக் கொடையாளரிடம் பெற்றுச் சேமித்து, வறியார்க்கு முறையாக வழங்கும் நிலையமே உணவு வங்கி எனப்படுவது. இவ்விழைவு எழுந்தவுடனே ஒரு வினாவும் உடனெழுந்தது. நம் சங்கத்தார் பொருளால் நடைபெறும் அவ்வறம் நம்மவர்க்கு மட்டும் உரியதோ, பசித்தார் எல்லார்க்கும் உரியதோ என்பதே அவ்வினா. பெரியோர் இருதிறத்தும் நின்று வாதிக்கின்றனர். இதற்கு விடையை நம் விருப்பு வெறுப்புகளில் தேடாது, வரலாற்றில் தேடுதலே தக்கது.

முதற்கண் நெற்களத்தை நோக்குவோம். 1763-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனியார்க்கு ஜாகீராக வழங்கினார். அச்சீமையின் வருவாயை அறியவேண்டித் தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். ஏறக்குறைய 2000 ஊர்களின் செய்தி அக்கணக்கில் அடங்கும். அதனுள் நாம் காணும் முறை வியக்கத்தக்கது. அறுவடையான நெல்லை அரசனும் குடியானவனும் பகிர்ந்துகொள்ளுமுன், களத்திலேயே பல பங்குகள் எடுத்து வைக்கப்பட்டன. கோயிலுக்கும், கணக்கர்க்கும், காவற்காரர்க்கும், தச்சர் கொல்லர்க்கும், வண்ணார் நாவிதர்க்கும், வெட்டியார்க்கும், இரந்து வரும் பண்டாரங்கட்கும் அளந்து கொடுத்த இப்பங்குகள் மேரை எனவும் சுதந்திரம் எனவும் வழங்கின. ஈதல் என்பது மிஞ்சியதைக் கொடுப்பதன்று, முதலிலேயே எடுத்து வைப்பது என்பதே இம்முறையின் உயிர்நிலை. கொடுப்பவன் மனநிலை நாளுக்கு நாள் மாறினும் பங்கு மாறவில்லை. ஆண்டுதோறும் அறுவடைதோறும் அது தொடர்ந்தது.

எனினும், இம்முறையைக் குற்றமற்றது என்று கூறுதல் இயலாது. பங்கு எல்லார்க்கும் இருந்தது. அளவும் மதிப்பும் ஒன்றாக இருக்கவில்லை. சேற்றில் இறங்கி உழைத்தவன் களத்தின் ஓரத்தே நின்று தன் பங்கைப் பெற்றான். தொடர்ச்சி இருந்தது, சமன்மை இல்லை. இதனை நினைவிற் கொண்டு மேற்செல்வோம்.

1780-ஆம் ஆண்டு ஐதர் அலியின் பெரும்படை கருநாடகத்துட் புகுந்தது. குதிரை வீரர் பரங்கிமலையின் அருகு வரையில் வந்து ஊர்களைக் கொள்ளையிட்டனர். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கம்பெனிப் படை பேரழிவு எய்திற்று. உழுவாரின்றி வயல்கள் கிடந்தன. ஏரிகள் காப்பாரின்றிப் பாழாயின. களமே இல்லாதபோது களத்துப் பங்கு ஏது? ஊர்களைத் துறந்த மக்கள் சென்னையை நோக்கித் திரண்டனர். பஞ்சம் மூண்டது.

அவ்வேளையில், 1782-ஆம் ஆண்டு, வடசென்னையில் கோட்டை மதிற்புறத்தே பசித்தார்க்குக் கஞ்சி வார்க்கும் சாலையொன்று எழுந்தது. மணியக்காரர் ஒருவரின் மேற்பார்வையில் நடைபெற்றமையின் அது மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்றது. ஆங்கிலேயர் வாயில் 'மனேகர் சவுல்ட்ரி' எனத் திரிந்தது. மக்களோ அதனைக் கஞ்சித் தொட்டி என்றே அழைத்தனர். பசித்து வந்தாருள் பலர் நோயுற்றும் இருந்தமையின், 1799-இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் ஆங்கே மருத்துவமனையொன்றை நிறுவினார். அதன் வழிவந்ததே இற்றை ஸ்டான்லி மருத்துவமனை. நூற்றாண்டுகள் இரண்டு கடந்தும், வடசென்னையார் அதனைக் 'கஞ்சித் தொட்டி ஆசுபத்திரி' என்று வழங்கியமை, பசித்த வயிறு உதவியை எவ்வளவு காலம் நினைவிற் கொள்ளும் என்பதற்குச் சான்றாகும்.

ஆயினும், கஞ்சித் தொட்டிக்கும் ஒரு குறையுண்டு. அது துன்பம் நேர்ந்த பின்னரே பிறந்தது. களத்துப் பங்கு பசி வருமுன் வைக்கப்பெற்றது. கஞ்சித் தொட்டி பசி முற்றிய பின் ஏற்றப்பெற்ற அடுப்பு. இடைப்பட்ட காலத்தில் மாண்டாரைக் கணக்கிட்டவர் யார்?

அக்குறை 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பெரும்பஞ்சத்தில் பன்மடங்காய்ப் பெருகிற்று. செலவைச் சுருக்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார், நாள் முழுதும் உழைக்கும் ஆண்மகனுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதுமென்று 1877-இன் தொடக்கத்தில் விதித்தார். ஒரு பவுண்டாவது ஏறக்குறைய 450 கிராம். அஃது உழைப்பவன் உடலைத் தாங்காது என்று அரசாங்கத்துச் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ் வன்மையாக எதிர்த்தார். சில திங்களில் கூலி உயர்த்தப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர்க் கால்வாய் அப்பஞ்சக் கூலிகள் வெட்டியதே. அக்காலத்து ஆளுநர் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்படுகின்றது. வெட்டியவர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

அப்பஞ்சத்தைப் பற்றிய குறிப்புகளில் நம் நெஞ்சைச் சுடுவதொன்றுண்டு. முகாம்களிற் சமைத்த கஞ்சியை யார் சமைத்தார், அருகில் யார் அமர்ந்தார் என்ற சாதிக் கட்டுப்பாட்டை அஞ்சி, அதனை ஏற்க மறுத்து வீட்டிலேயே வாடியோர் பலர். அரிசி இருந்தது, அடுப்பு எரிந்தது, இடையில் நின்று தடுத்தது நம் வழக்கமே. உணவின் வறுமையினும் கொடிது உள்ளத்தின் வறுமை என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுமோ?

இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்கிய பெரியார் ஒருவர் அப்பஞ்சத்திற்கு முன்னரே தோன்றியிருந்தார். அவர் வடலூர் இராமலிங்க அடிகள். 1867-ஆம் ஆண்டு மே திங்கள் 23-ஆம் நாள் அவர் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு நிலம் ஈந்தவர் முடிமன்னர் அல்லர். பார்வதிபுரத்து ஊரார் 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு அணையாது இன்றும் எரிகின்றது. வருவாரைச் சாதி கேளாது, சமயம் கேளாது, பசியொன்றையே அடையாளமாகக் கொண்டு அமர்த்துதல் ஆங்குள்ள நெறி. களத்துப் பங்கின் தொடர்ச்சியும் கஞ்சித் தொட்டியின் இரக்கமும் அங்கே ஒன்றுபட்டன. பந்தியில் வேற்றுமையும் ஒழிந்தது.

இதற்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1967-இல், அமெரிக்க நாட்டு அரிசோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பார் உலகின் முதல் உணவு வங்கியை நிறுவினார். கடைகள் குப்பையில் எறிந்த நல்லுணவைத் தேடியெடுத்து மக்களைப் போற்றிய தாயொருத்தி, பணத்தைப் போல உணவையும் இட்டு வைத்து எடுக்கும் இடமொன்று இருத்தல் வேண்டும் என்று கூறிய சொல்லே அவர்க்கு வித்தாயிற்றென்பர். பெயர் புதிது, பொருள் நம் மணிமேகலைக் காப்பியத்தில் உள்ளதே. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியும், ஆதிரை என்னும் இல்லாள் தன் கையால் முதற்பிச்சை இட்ட பின்னரன்றோ சுரக்கத் தொடங்கிற்று? ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து முதற்கைப்பிடி வாராதவழித் தெய்வப் பாத்திரமும் வெறும் பாத்திரமே.

ஈண்டுச் சங்கத்துப் பெரியோர் எழுப்பும் வினாவை நேரே நோக்குவோம். 'நம்மவருள்ளும் வறியார் உளரே. அவர்க்கன்றோ முதலில் ஈதல் வேண்டும்?' என்பர். இவ்வினா இகழத்தக்கதன்று. விருதுநகரில் நாடார் பெருமக்கள் வணிகத்தில் எடுத்துவைத்த மகமையாலும், வீடுதோறும் திரட்டிய பிடியரிசியாலும் க்ஷத்திரிய வித்தியாசாலையை வளர்த்தனர். தம் சமுதாயம் ஒடுக்கப்பட்ட காலத்தில் தாமே தமக்குத் துணையாயினர். ஆனால் அவ்வரலாறு அவ்வளவில் முடியவில்லை. அப்பள்ளியிற் பயின்ற சிறுவருள் ஒருவரே காமராசர். அவர் முதலமைச்சராயிருந்த 1956-ஆம் ஆண்டில் பள்ளிச் சிறார்க்கு மதிய உணவு நாடெங்கும் பரவத் தொடங்கிற்று. அதற்குத் தோள் கொடுத்த கல்வித்துறைத் தலைவர் நெ. து. சுந்தரவடிவேலு, நம் செங்கற்பட்டுச் சீமையில் நெய்யாடுபாக்கத்திற் பிறந்தவர். தொடக்கத்தில் ஊரார் தந்த நெல்லையும் காய்கறியையும் கொண்டே அத்திட்டம் நடந்தது. பின்னர் அரசினர் பெரும்பங்கை ஏற்றனர். ஒரு சமுதாயத்தின் பிடியரிசியால் வளர்ந்த பிள்ளை, எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகட்கும் சோறிட்டார். தன்னினத்தைக் காத்தல் அறத்தின் முதற்படி. அப்படியிலேயே நின்றுவிடுதல் அறமாகாது.

இனி நம் வாயிலில் நிகழ்ந்ததை நோக்குவோம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிய ஒரு பகலிரவில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டது. முடிச்சூர், வரதராசபுரம், பெருங்களத்தூர்ப் பகுதிகளில் வீடுகளின் முதல் தளம் மூழ்கிற்று. மீனம்பாக்கத்து விமான நிலையமும் சில நாட்கள் மூடப்பட்டது. பணம் படைத்தவனும் மாடியில் நின்று ஒரு பொட்டலச் சோற்றுக்குக் கைநீட்டினான். கோயில் மடைப்பள்ளி, பள்ளிவாசல், மாதாகோயில், கலியாண மண்டபம் எங்கும் அண்டாக்கள் ஏறின. மீனவர் தம் படகுகளைத் தெருக்களிற் செலுத்தி வந்து மக்களை மீட்டனர். பொட்டலம் கட்டியவன் எச்சாதியான் என்று அன்று எவரும் வினவவில்லை. 1877-இல் நம் நாட்டார் கடக்கவியலாத கோட்டை, 2015-இல் வெள்ளநீர் அழித்துச் சென்றது.

ஆயினும் அவ்வடுப்புகள் சின்னாளில் அணைந்தன. சாலையோரத்து மக்கட்கு மிகுதியும், உட்புறத்துத் தெருக்கட்குக் குறைவுமாக உணவு சென்றதும், மிஞ்சியது கெட்டுப்போனதும் நாம் கண்டனவே. 2020-இன் ஊரடங்கிலும், 2023 டிசம்பரில் வீசிய மிக்ஜாம் புயலிலும் எல்லாம் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கவேண்டியதாயிற்று. இரக்கம் நம்மிடம் குறைவன்று, குறைந்தது தொடர்ச்சி. வெள்ளம் வடிந்த பின்னரும் கட்டிடக் கூலியாளும், துணையிழந்த முதியவளும் பசியோடிருப்பர் என்பதை மறந்துவிட்டோம். பெசன்ட் நகரில் 2017-இல் பல் மருத்துவப் பெண்மணி ஒருவர், ஔவையாரின் ஆத்திசூடி அறவுரையொன்றையே பெயராக்கித் தெருவோரத்தில் பொதுக் குளிர்பெட்டி வைத்தார். வேண்டுவோர் இடுவர், வேண்டுவோர் எடுப்பர். வெள்ளம் வாராத நாளுக்கும் உரிய அறம் இதுவே.

ஆகலின் வரலாறு நமக்குக் கூறும் விடை தெளிவானது. களத்துப் பங்கிலிருந்து தொடர்ச்சியைக் கொள்வோமாக: உலையிடுமுன் ஒரு பிடி அரிசியை நாள்தோறும் தனிக்கலத்தில் இடுதல் எவ்வீட்டார்க்கும் அரிதன்று. திருமண வீட்டார் பந்தி முடிந்தபின் எஞ்சியதை அன்றி, பந்திக்கு முன்னரே ஒரு பங்கை எடுத்து வைப்பாராக. கஞ்சித் தொட்டியிலிருந்து மேற்பார்வையின் சிறப்பைக் கொள்வோமாக: வந்த படியும் சென்ற படியும் திங்கள்தோறும் இப்பத்திரிகையில் வெளிவரல் வேண்டும், கணக்கில்லாத அறம் நெடுநாள் நில்லாது. பொருளில்லாதவர் உழைப்பை ஈவாராக. மூட்டை தூக்குதலும் வீடறிந்து கொண்டு சேர்த்தலும் கொடையே. வடலூரிலிருந்து நெறியைக் கொள்வோமாக: வாயிலில் வந்தாரைப் பசியைக் கேட்போம், குலத்தைக் கேளோம். பெறுபவர் நாணாவண்ணம் கொடுப்போம். கொடுக்கும்போது படமெடுத்துப் பரப்புதலைத் தவிர்ப்போம்.

நம் சங்கத்தின் பெயர் அவ்வங்கியின் பலகையில் இருக்கட்டும். அதன் கதவில் வேண்டா. எழுதிய பெயர் ஒருநாள் அழியும். கஞ்சித் தொட்டி என்றாற்போல மக்கள் தாமே இடும் பெயர் அழியாது. அன்பர்கள் இதனை ஆழ்ந்து சிந்தித்து, அடுத்த பொதுக்கூட்டத்தில் நல்லதோர் முடிவு காண்பாராக.