இரு வாகை கண்ட ஒரு பருவம்

பந்து தமிழிலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. சங்க மகளிர் பந்தும் கழங்கும் ஆடினர். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி இடம்பெற்றது. கொங்குவேளிரின் பெருங்கதை பந்தடித்தலுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியது. ஆயின் அவை கையால் அடித்தாடிய பந்துகள். காலால் ஆடும் பந்து ஆங்கிலேயர் காலத்தில் இந்நாட்டிற்கு வந்தது. வங்காளத்திலும் கோவாவிலும் கேரளத்திலும் அது பெற்ற செல்வாக்கைத் தமிழகத்தில் பெறவில்லை என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணத்தை மறுத்த பருவம் 2018–19 ஆகும். அப்பருவத்தில் ஆடவர் ஐ-லீக் கோப்பையும் இந்திய மகளிர் லீக் கோப்பையும் தமிழக அணிகளிடமே வந்து சேர்ந்தன.

ஐ-லீக் 2007இல் தொடங்கப்பெற்ற போட்டி. 2018 அக்டோபர் முதல் 2019 மார்ச் வரை நிகழ்ந்த பருவத்தில் 11 அணிகள் பங்கேற்றன; ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டங்கள். கோயம்புத்தூரைத் தன் களமாகக் கொண்ட சென்னை சிட்டி, அதற்கு முந்தைய இரு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பாதியில் நின்ற அணி. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் அதற்குப் பயிற்றுநரானார். எட்வின் சிட்னி வான்ஸ்பால் முதலிய உள்ளூர் இளைஞரும் ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்டக்காரரும் ஒரே அணியாக இயைந்தனர். பெட்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார்.

அப்பருவம் நாட்டின் துயரிலிருந்து விலகி நிற்கவில்லை. காசுமீரப் பள்ளத்தாக்கிலிருந்து முதன்முறையாக இப்போட்டிக்கு வந்த ரியல் காஷ்மீர் வாகைக்கான போட்டியில் முன்னணியில் இருந்தது. 2019 பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த புல்வாமா தாக்குதலுக்குப் பின், ஈஸ்ட் பெங்கால் அணியுடன் அது ஆட வேண்டிய ஆட்டம் சிறீநகரிலிருந்து தில்லிக்கு மாற்றப்பட்டது. சொந்த மண்ணில் ஆடும் வாய்ப்பை இழந்த அவ்வணி மூன்றாமிடத்தில் நின்றது.

இறுதி நாள் மார்ச் 9. சென்னை சிட்டி 40 புள்ளிகள். ஈஸ்ட் பெங்கால் 39. கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்து முந்தியது. இடைவேளைக்குப் பின் மான்சி பெனால்டி வாய்ப்பைக் கோலாக்கினார். கௌரவ் போரா இரு கோல்கள் அடித்தார். ஆட்டம் 3–1 என முடிந்தது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. எனினும் ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் கோப்பை கொங்கு நாட்டில் நின்றது.

மூன்று திங்களுக்குள் மற்றொரு வாகை. 2019 மே 22 அன்று லூதியானாவில் நிகழ்ந்த மகளிர் லீக் இறுதியாட்டத்தில் சேது அணி மணிப்பூர்க் காவல்துறை அணியை 3–1 என வென்றது. இவ்வெற்றிக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழக மகளிர் அணி, பல்லாண்டுகளாக இவ்வாட்டத்தில் கோலோச்சிய மணிப்பூரையே 2–1 என வென்று தேசியப் பட்டத்தை முதன்முறையாகப் பெற்றது. அவ்வெற்றியில் பெரும்பங்கு ஆற்றிய இந்துமதி கதிரேசன் கடலூரைச் சேர்ந்தவர். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டுக் கல்வி நிறுவன அணி 2017–18 மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளுள் ஒன்று. பாகூரிலிருந்து பெண்ணையாற்றைக் கடந்தால் கடலூர். நாட்டின் தலைசிறந்த மகளிர் களத்திற்கு ஆட்டக்காரரை அனுப்பிய ஊர் புதுவைச் சிற்றூர்களுக்கு இத்துணை அண்மையில் இருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இரு வாகைக்கும் களம் ஒப்பாக அமையவில்லை. ஆடவர் பருவம் ஏறத்தாழ ஐந்து திங்கள் நீண்டது. சொந்த ஊரின் ஆரவாரம் அவர்க்குத் துணை நின்றது. மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றோ மே மாத வெயிலில், ஒரே ஊரில், மூன்று வாரங்களுக்குள் முடிந்தது. வென்றோரை வரவேற்கச் சொந்த ஊர் மக்கள் அங்கில்லை.

பின்னிகழ்வுகள் வியப்புக்குரியன. 2019–20 முதல் ஐ-லீக் நாட்டின் முதன்மை லீக் என்னும் தகுதியை இந்தியன் சூப்பர் லீக்கிடம் இழந்தது. சென்னை சிட்டி அணியோ 2020–21க்குப் பின் அக்களத்தில் இல்லை. ஆரவாரமின்றி வென்ற சேது அணி 2024–25 பருவத்திலும் மகளிர் லீக்கில் ஆடியது.

வாகை என்பது போர்வெற்றி மட்டுமன்று. தத்தம் துறையில் மேம்படுதலும் வாகையே எனத் தொல்காப்பியம் கொள்ளும். புறநானூற்றுப் பாடல்களின் அடியில் அமைந்த சிறு குறிப்புகள் இல்லையெனில், பாடப்பட்டோர் பலரின் பெயரை இன்று அறிய இயலாது. அரசுகள் மறைந்தன, குறிப்புகள் நின்றன. கழகங்களும் மறையும் இயல்பின. இவ்விரு வாகைக்கும் இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் புள்ளிப் பட்டியல்களும் நாளிதழ்ச் செய்திகளுமே. பாடுவோர் வரும்வரை அவற்றைத் திணையும் துறையும் வகுத்துக் காத்து வைத்தல் தமிழ் கற்றோர் கடன் ஆகும்.