ஸ்கேட்போர்டு டிரக்

பலகையின் அடியில் முன்னும் பின்னும் பூட்டப்படும் அச்சுத்தொகுதி. எஃகு அச்சைத் தாங்கும் அலுமினியக் கலவை ஹேங்கர், நடுவே கிங்பின் போல்ட், அதைச் சுற்றி யூரித்தேன் புஷ்ஷிங் ஆகியவை இதன் உறுப்புகள்.

ஸ்கேட்போர்டில் செய்யும் திண்டு வித்தைகள் இருவகை. ஹேங்கர் திண்டின் விளிம்பில் உராய்ந்து செல்வது கிரைண்ட். பலகையே வழுக்கிச் செல்வது ஸ்லைடு. ஹேங்கர் பலகையின் அகலத்துக்கு ஒத்திருந்தால் நிலை உறுதிப்படும். ஸ்மித், ஃபீபிள் எனும் கிரைண்ட் வகைகளில் டிரக் சாய்வதால், துருத்திய கிங்பின் விளிம்பில் இடித்து ஓட்டத்தை நிறுத்திவிடும். அதனால் சில வடிவங்களில் கிங்பின்னைத் தலைகீழாகப் பொருத்துகிறார்கள். தாழ்ந்த டிரக் நிலையானது. ஆனால் சிறு சக்கரம் வேண்டும், இல்லையேல் திரும்பும்போது சக்கரம் பலகையில் உரசும். பழகப் பழக ஹேங்கரில் தேய்ந்த பள்ளம் விழுந்து, அதுவே விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்.

வளைகுடாவில் ஸ்கேட்போர்டிங்கின் முதன்மைக் களங்களுள் ஒன்று ஷார்ஜாவின் அல்ஜாதா பூங்கா. 2022-க்கான உலக ஸ்ட்ரீட் சாம்பியன்ஷிப் 2023 தொடக்கத்தில் ஷார்ஜாவில் நடந்தது. பிரான்சின் ஒரேலியன் ஜிரோ, பிரேசிலின் ரைசா லீல் ஆகியோர் பட்டம் வென்றனர். திண்டுகளிலும் கம்பிகளிலும் வெற்றி தோல்வியை முடிவுசெய்யும் இப்போட்டிவகையில், டிரக்கின் தேர்வு வீரரின் திறனுக்கு இணையான கவனத்துக்கு உரியது.