வெள்ளித் தோல் போர்த்த செம்பு

கள்ளக் காசு செய்கிறவன் எந்தக் காசைப் பார்த்து அச்சு வெட்டுவான்? ஊரே கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் காசைப் பார்த்துத்தான். முதல் நூற்றாண்டில் அந்த மதிப்பு ரோமாபுரியின் தினாரியஸ் என்ற வெள்ளிக் காசுக்கு இருந்தது. பேரரசர் கிளாடியஸ் காலத்தில் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரையேறிய ஒருவனைப் பற்றி பிளினி எழுதியிருக்கிறார். அவனிடமிருந்த காசுகளில் வெவ்வேறு அரசர்களின் தலை இருந்தும் எடை மாறாததைக் கண்டு இலங்கை அரசன் வியந்தானாம்.

தமிழகத்தில் கிடைத்த வெள்ளிப் புதையல்களில் இரண்டு அச்சுகளே மிகுதி. ஒன்றில் பேரரசர் அகஸ்டஸின் பேரர்கள் கேயஸும் லூசியஸும் கேடயங்களோடு நிற்பார்கள். பேரரசர் திபேரியஸ் வெளியிட்ட மற்றொன்றில் ஒரு பெண் அமர்ந்திருப்பாள். போலிகளும் இந்த முகங்களையே தேடிப் பிடித்தன.

செய்முறையில் கொல்லனின் கைத்திறன் தெரிகிறது. செம்பு வில்லையை மெல்லிய வெள்ளித் தகட்டால் பொதிந்து சூடேற்றுவார்கள். வெள்ளி உருக 961 பாகை செல்சியஸ் வேண்டும், செம்புக்கு 1,084. ஆனால் இரண்டும் ஒட்டும் இடத்தில் 779 பாகையிலேயே இளகி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பிறகு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஓங்கி அடித்தால் புத்தம்புது தினாரியஸ்! எடைதான் சற்றுக் குறையும்.

கி.மு. 81-லேயே ரோம ஆட்சியாளர் சுல்லா கள்ளக் காசுக்கு எதிராகச் சட்டம் போட்டார். சட்டம் எட்டாத இடத்தில் உளி பேசியது. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசர் தலைமேல் வெட்டு விழுந்திருக்கிறது. உள்ளே என்ன உலோகம் என்று பார்க்கவா, செல்லாது என்று காட்டவா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. பூந்தமல்லிக்குக் கிழக்கே மாம்பலத்தில் நம் முத்திரைக் காசுகளுக்கு நடுவே அகஸ்டஸின் வெள்ளிக் காசு ஒன்றும் இருந்தது. இங்கே முகத்தைவிட உலோகத்துக்கே விலை என்பதை இது காட்டுகிறது. கி.பி. 64-ல் பேரரசர் நீரோவே காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்தபின், தமிழகத்துக்கு வந்த ரோம வெள்ளி ஏறக்குறைய நின்றுபோனது.

எல்லாப் போலியும் ஏமாற்றப் பிறந்ததல்ல. கி.பி. 43-ல் பிரிட்டனைப் பிடித்த ரோமப் படைக்குச் சில்லறை போதவில்லை. கிளாடியஸின் செம்புக் காசைப் பார்த்து அங்கேயே அடித்துக்கொண்டார்கள்.

சில நூற்றாண்டுகள் கழித்து நம் பக்கத்திலும் அதே கதை. கரூர் அமராவதி ஆற்றுமணலில் கிடைப்பவை போன்ற பிற்கால ரோமச் செம்புக் காசுகள் இலங்கையிலும் ஏராளமாகப் புழங்கின. அவற்றைப் பார்த்து உள்ளூரிலும் காசு செய்தார்கள். மாத்தறைக்கு அருகே நைமனையில் கிடைத்த அத்தகைய காசுகளை 1924-ல் வெளியான தம் நூலில் நாணய ஆய்வாளர் காட்ரிங்டன் விவரித்தார். எழுத்துகள் வெறும் கோடுகளாகிவிட்டன. லத்தீன் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதனால் நட்டமில்லை. கடைக்காரர் வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுத்தார் என்றால் அது செல்லும் காசுதானே!