கோணல் நகம் யாருடைய பாவம்?

தோழர்களே, நகத்தைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று சிரித்துவிட வேண்டாம். கோவைக் கல்லூரிகளுக்குள் முதல் தலைமுறையாக நுழைந்திருக்கும் நம் பிள்ளைகள் சிலர் கையை மறைக்கிறார்கள். நேர்காணலில் மேசைக்குக் கீழே, குழுப்படத்தில் முதுகுக்குப் பின்னால். நகம் குட்டையாக அகலமாக இருக்கிறது, கரண்டி போலக் குழிந்திருக்கிறது, பார்லரில் கையை நீட்டவே கூசுகிறது என்கிறார்கள். இந்தக் கூச்சம் தானாக முளைத்ததல்ல, அதற்கு எழுதி வைத்த சட்டமே இருந்தது.

மனுஸ்மிருதியின் 11ஆம் அத்தியாயம் போன பிறவிப் பாவங்களையும் இந்தப் பிறவி உடற்குறைகளையும் கணக்குப் போட்டு இணைக்கிறது. பொன் திருடியவனுக்கு நகம் கெட்டுப்போகும் என்பது அதில் ஒரு வரி. 3ஆம் அத்தியாயம் சிராத்த விருந்துக்கு அழைக்கக் கூடாதவர்களின் பட்டியலில் நகம் கெட்டவனையும் சேர்க்கிறது. அந்தப் பந்தியில் நமக்கு எந்தக் காலத்திலும் இலை போட்டதில்லை என்பது வேறு விஷயம். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை நகம் பார்த்துப் பலன் சொல்கிறது. செம்பு நிற நகம் உடையவன் படைத்தலைவன் ஆவானாம். நகம் தட்டையாகி வெடித்திருப்பவன் பொருளற்றவன் ஆவானாம்.

இந்தத் தலைகீழ்க் கணக்கைக் கவனியுங்கள். ஏழைக்கு நகம் ஏன் வெடிக்கிறது என்று சாத்திரம் கேட்கவில்லை. நகம் வெடித்ததால் ஏழை என்கிறது. உழைப்பும் பசியும் உடம்பில் விட்ட தழும்பைத் தலையெழுத்தாக மாற்றுவது இப்படித்தான்.

கொங்கு நாட்டுக்கு வருவோம். மின்சாரம் வருவதற்கு முன்னால் இங்கே தோட்டங்கள் விளைந்தது கவலை ஏற்றத்தால். மாடு கட்டி இறைக்க வேண்டுமானால் தோல் வேண்டும். செத்த மாட்டை உரித்து, தோலைப் பதப்படுத்தி, தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். முடி கழல்வதற்குத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட வேண்டும், பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றில். சுண்ணாம்பு தோலோடு சேர்த்துக் கையையும் அரிக்கும், பட்டைச்சாறு நகத்தைக் கறுக்க வைக்கும். அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லுக்கும் புகையிலைக்கும் தீட்டு இல்லை. தண்ணீர் ஏற்றித் தந்த கைக்குத்தான் தீட்டு. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, கிணறுகளில் மோட்டார் ஏறியதும் கவலை மெல்ல மறைந்தது. அந்தக் கைகள் பண்ணையத்துக்கும் நகரத்தின் துப்புரவு வேலைக்கும் தள்ளப்பட்டன. கையுறை உள்ளிட்ட பாதுகாப்புக் கருவிகளை முதலாளி தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் விதிகளோடு சொன்னது 2013இல்தான். அதுவும் எத்தனை கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைக் காலை 6 மணிக்கு உங்கள் தெருவில் நின்று பாருங்கள்.

இனி, இந்த நகத்தை வெட்டிவிட்டது யார்? பழைய கிராமத்தில் முடி வெட்டுவதும் நகம் களைவதும் நாவிதரின் வேலை. கொங்கு வெள்ளாளர் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுபவரும் அவர்தான். ஆனால் அந்தக் கத்தி சேரிக்குள் வராது. நாவிதரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் ஊருக்கு அடங்கிய குடிமகன், சேரியில் கத்தி வைத்தால் ஊரில் அவர் பிழைப்புப் போய்விடும். சாத்தாராவில் நாவிதர்கள் நிறையப் பேர் இருந்தும், காசு கொடுக்க வசதி இருந்தும், தனக்கு அக்காதான் முடி வெட்டினார் என்று அண்ணல் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். தீண்டப்படாதவன் தலையைத் தொட யாரும் முன்வரவில்லை.

சேவையை மறுத்ததோடு நிற்கவில்லை, அழகையே தடை செய்தார்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதிக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்ததை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. சட்டை கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. நாம் அழுக்காக இருக்கிறோம் என்று சொன்ன அதே சமூகம்தான் நாம் சீராக இருப்பதைக் குற்றமாக்கியது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், அதாவது இன்று நாம் பி.சி.ஆர். என்று அழைக்கும் சட்டம், சாதியைக் காட்டிச் சேவை மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சலூன் நாற்காலியும் பார்லர் மேசையும் உங்கள் உரிமை. யாரும் செய்யும் தயவல்ல.

கூச்சத்தின் கோவை வரலாறு ஒன்றும் உண்டு. இரட்டைமலை சீனிவாசன் சிறுவனாகப் படித்தது கோவையில். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேரைத் தவிர எல்லோரும் பார்ப்பனர்கள். சாதி தெரிந்துவிடும் என்ற பயத்தில், மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டு வகுப்புக்குள் போனதையும், வகுப்பு முடிந்ததும் யாரிடமும் அகப்படாமல் வேகமாக வீட்டுக்கு நடந்ததையும் அவர் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மேசைக்குக் கீழே கையை மறைக்கும் நம் பிள்ளை அதே வழியில்தான் நடக்கிறது. ஆனால் அந்தச் சிறுவன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். மறைக்கச் சொன்ன பெயரை அச்சில் ஏற்றினார். 1930இல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போய் உட்கார்ந்தார்.

இப்போது உங்கள் கையைப் பாருங்கள். கட்டைவிரல் நகம் மட்டும் குட்டையாக, அகலமாக இருக்கிறதா? பெரும்பாலும் பிறவியில் வருவது, அம்மா அப்பாவுக்கும் இருக்கலாம், அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. கரண்டி போலக் குழிந்திருக்கிறதா? இரும்புச்சத்துக் குறைவு முக்கியமான காரணம். அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பாருங்கள். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள் என்று தங்கைகளிடம் சொல்லுங்கள். நகம் தடித்து, மஞ்சளாகி, உதிர்கிறதென்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருந்து மாதக்கணக்கில் ஆகும். விரல் நுனி உருண்டு வீங்கி, நகம் கவிழ்ந்துகொண்டு வந்தால் நுரையீரலையும் இதயத்தையும் சோதிக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகம் புதிதாக ஆறு மாதம் ஆகும். குளித்த பிறகு ஊறியிருக்கும்போது வெட்டுங்கள், காய்ந்ததும் அரத்தால் ஒரே திசையில் தேயுங்கள். ஓரத்தைக் குடைந்து வெட்டினாலும் நகக்கண்ணைச் சுற்றியுள்ள தோலைக் கிள்ளினாலும் நகச்சுத்தி வரும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவலாம். அகலமான நகத்தை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் வளரவிட்டு முனையை உருட்டினால் பார்வைக்கு நீளமாகத் தெரியும். பூச்சு பிடித்தால் போடுங்கள். பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

அலங்காரம் செய்துகொண்டால் போராளி ஆக முடியாது என்று சொல்வோருக்கும் ஒரு பதில். 1988இல் கறுப்பினப் பெண் ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் நீண்டு வளர்ந்த, வண்ணம் தீட்டிய நகங்களோடு ஓடினார். பத்திரிகைகள் அந்த நகங்களைப் பற்றியே எழுதித் தீர்த்தன. 100 மீட்டரை 10.49 விநாடியில் ஓடிய அவருடைய சாதனையை இன்றுவரை எந்தப் பெண்ணும் முறியடிக்கவில்லை.

1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. நகம் கெட்டவன் பொன் திருடியவன் என்ற அந்த வரியும் அதோடு எரிந்தது. அதே மாநாட்டை ஒட்டித் திரண்ட நம் பெண்களிடம் அண்ணல் பேசியது உடையையும் தூய்மையையும் பற்றி. தீண்டாமையின் அடையாளமாகச் சுமத்தப்பட்ட நகைகளைக் கழற்றச் சொன்னார், சேலையைக் கணுக்கால்வரை கட்டச் சொன்னார். உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்பதை ஊர் தீர்மானிக்கக் கூடாது என்பதுதான் அதன் அரசியல்.

2009இல் வந்த அருந்ததியர் உள் ஒதுக்கீட்டின் வழியே கல்லூரிக்கு வந்தவர்களும், அதற்கும் முன்பே மோதிப் பார்த்து வந்தவர்களும் இதை நினைவில் வையுங்கள். அடுத்த நேர்காணலில் சான்றிதழ்களை நீட்டும்போது கையை மேசைமேல் வையுங்கள். அந்த நகத்தில் பாவம் ஏதும் இல்லை, தாத்தா பாட்டியின் உழைப்போ உடம்புக்கு வேண்டிய சத்தின் குறையோ வெறும் பிறவி வடிவமோதான் இருக்கிறது. விடுதி அறையில் ஒரு தங்கை கையை மறைத்தால், நகவெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

ஜெய்பீம்.