கிளப்ரன் இல்லாத இடத்தில் கிளப்ரன் கழகம்

கிளப்ரன் எண்ட ஊர் லண்டனில ஹக்னிப் பக்கம் இருக்கு. ஆனால் கிளப்ரன் உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானம் இருப்பதோ நாங்கள் குடியிருக்கிற நியூஹாமில், பொறஸ்ற் கேற்றில, அப்ரன் லேனில. ஈஸ்ற்ஹாமில மரக்கறி வாங்கி, கோயிலுக்கும் போய் வாற எங்கட சனத்தில எத்தனை பேருக்கு இது தெரியும்? பஸ்ஸில போகேக்க ஒரு பழைய மரக் கட்டடத்தைக் கண்டிருப்பியள். அது 'ஓல்ட் ஸ்பொற்றெட் டோக்' எண்ட மதுச்சாலை. தமிழில சொன்னால் 'பழைய புள்ளிநாய்'. எட்டாம் ஹென்றி அரசனின் வேட்டைநாய்கள் அங்க கட்டிக் கிடந்தது எண்டு ஒரு கதை. உண்மையோ பொய்யோ, அந்த நாயின் பெயர்தான் பின்னாலுள்ள மைதானத்துக்கும் நிலைச்சுப் போச்சு.

இங்கிலாந்தில மேல் நாலு பிரிவுகளிலும் 92 கழகங்கள் இருக்கு. அதுக்குக் கீழே விளையாடுற எல்லாரையும் 'நொன் லீக்' எண்டு சொல்லுவினம். கிளப்ரன் அப்படி ஒரு கழகம். எங்கட பெடியளுக்கு ஆர்சனலின் மாற்று ஆட்டக்காரர் வரைக்கும் பாடம். வீட்டுக்குப் பின்னால இருக்கிற கழகத்தின் பெயர் தெரியாது. அதனால்தான் மலர்க்குழுவினர் ஊர்ப்புதினம் எழுதச் சொல்லிக் கேட்டபோது, நான் இந்த ஊர்ப் புதினத்தை எடுத்துக்கொண்டேன்.

கழகம் 1870-களின் கடைசியில் ஹக்னி டவுன்ஸ் எண்ட திறந்த வெளியில 'டவுன்ஸ்' எண்ட பெயரில் தொடங்கி, பிறகு கிளப்ரன் ஆனது. 1888-இல் இப்போதைய மைதானத்துக்கு இடம்பெயர்ந்தது. இடம்பெயர்ந்தவர்கள் பெயரை விட்டுவிட்டு வரவில்லை. பொறஸ்ற் கேற்றில நிண்டு விளையாடிக்கொண்டு, விட்டுவந்த ஊரின் பெயரையே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சுமந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் பெயரில் லண்டன் பூங்காக்களில் சுற்றுப்போட்டி வைக்கிற எங்களுக்கு இது புதினமில்லை. வெள்ளைக்காரனும் அப்படிச் செய்தான் எண்டதுதான் எனக்குப் புதினம்.

1890 ஈஸ்ரரில் பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் நகருக்குப் போய் பெல்ஜிய அணி ஒன்றை 7-0 எண்டு வெண்டார்கள். ஐரோப்பாக் கண்டத்துக்குப் போய் விளையாடிய முதல் இங்கிலாந்துக் கழகம் இதுதான் எண்டு சொல்லப்படுகிறது. 1905-இல் இஸ்மியன் லீக்கைத் தொடங்கிய ஆறு கழகங்களில் இவர்களும் ஒருவர். அந்த லீக்கின் மகுடவாசகம், 'கௌரவம் ஒன்றே போதும்' எண்டது. ஆரம்பத்தில் வெண்டவனுக்குக் கிண்ணமும் இல்லை, பதக்கமும் இல்லை. (எங்கட சுற்றுப்போட்டிகளில கிண்ணத்தின் உயரத்துக்காகச் சண்டை பிடிக்கிற ஆக்கள் இதை ஒருக்கா வாசிக்க வேணும்.) காசு வாங்காமல் விளையாடுபவர்களுக்கான அமெச்சூர் கிண்ணத்தை 1907, 1909, 1915, 1924, 1925 எண்டு ஐந்து தரம் வெண்டார்கள். கடைசித் தரம் தோற்கடித்தது சவுத்தோல் கழகத்தை. விவியன் கிபின்ஸ் எண்ட பள்ளிக்கூட ஆசிரியர் கிளப்ரனில் விளையாடிக்கொண்டே இங்கிலாந்து தேசிய அணிக்கும் போய், இரண்டு ஆட்டத்தில் மூண்டு கோல் அடித்தார்.

ஆனால் எனக்கு மனசில நிண்டவர் வோல்ரர் ரல். தகப்பன் பார்படோஸ் தீவிலிருந்து வந்த தச்சர். பாட்டன் அடிமையாக இருந்தவர். தாய் கென்ற் பகுதி வெள்ளைக்காரப் பெண். பத்து வயதுக்கு முன்னமே தாயும் தகப்பனும் செத்துப்போக, பெத்னல் கிறீன் அநாதை இல்லத்தில் வளர்ந்தார். 1908-இல் கிளப்ரனில் சேர்ந்து, அந்த ஒரே பருவத்தில் மூண்டு கிண்ணங்களுக்கான பதக்கங்களை வாங்கினார். 1909-இல் ரொற்றன்ஹாம் கழகம் அவரை எடுத்தது. அந்த ஒக்ரோபரில் பிறிஸ்ரலில் நடந்த ஆட்டத்தில் பார்வையாளர்கள் அவருடைய நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள். பிறகு நோர்தாம்ப்ரன் கழகத்துக்கு நூறு ஆட்டங்களுக்கு மேல விளையாடினார். முதலாம் உலகப்போரில், ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவன் அதிகாரியாகக் கூடாது எண்ட இராணுவ விதி இருந்தும், 1917-இல் அதிகாரியானார். 1918 மார்ச் 25-இல் பிரான்சில் கொல்லப்பட்டார். அவருடைய ஆட்கள் உடலைத் தூக்கிவரப் பார்த்தும் முடியவில்லை. உடல் கிடைக்கேல்லை. எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1974-இல் அமெச்சூர் எண்ட வேறுபாட்டையே எடுத்துவிட்டார்கள். அமெச்சூர் கிண்ணமும் அத்தோடு சரி. கழகம் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, 2006-இல் தானே தொடங்கிய இஸ்மியன் லீக்கை விட்டு எசெக்ஸ் சீனியர் லீக்குக்குப் போனது. பார்க்க வாறவர்களை விரல் விட்டு எண்ணலாம் எண்ட நிலை.

2012 அளவில் இளம் ஆதரவாளர் கூட்டம் ஒண்டு சேர்ந்தது. இரும்புக் குழாய்ச் சாரத்தால் கட்டின கூரைக்குக் கீழ நிண்டு ஆட்டம் முழுக்கப் பாடுவார்கள். இனவாதத்துக்கு எதிராகப் பதாகை பிடிப்பார்கள். 'அகதிகளே வருக' எண்ட பதாகையும் இருந்தது. அகதி எண்ட சொல்லைப் படிவங்களில மட்டும் கண்ட எனக்கு அது பெரிய விசயம். பத்து இருபதாக இருந்த கூட்டம் நூற்றுக்கணக்காக ஏறியது.

2017-இல் வந்தது வினை. மைதானத்தின் குத்தகையை வைத்திருந்த அமைப்பைக் கலைக்கப் போகினம் எண்டு செய்தி வர, மைதானமே பறிபோகும் எண்டு சனம் பயந்தது. நீதிமன்றத்துக்குப் போனார்கள். சொந்த மைதான ஆட்டங்களுக்கு உள்ளே போகாமல் பகிஷ்கரித்தார்கள். நேசிக்கிற அணிக்காகக் காசு குடுத்து உள்ளே போகாமல் நிற்பது லேசான காரியமில்லை. 2018-இல் 'கிளப்ரன் சமூகக் கழகம்' எண்டு புதுசாகத் தொடங்கினார்கள். சொந்தக்காரன் எண்டு ஒருத்தனும் இல்லை. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. ஆகக் கீழ்ப்படியில, வோல்தம்ஸ்ரோவில் வேறொரு மைதானத்தில விளையாட்டு. இன்னொருக்கா இடம்பெயர்வு, அதே பெயர்.

அந்த வருசம் ஸ்பானியக் குடியரசின் சிவப்பு, மஞ்சள், ஊதா நிறங்களில் ஒரு சட்டை அடித்தார்கள். ஸ்பெயினிலிருந்து ஆயிரக்கணக்கில் ஓடர் வந்து குவிய, சின்னக் கழகம் திண்டாடிப் போச்சு. 2020-இல் புள்ளிநாய் மைதானத்தின் காணியையே கழகத்தின் பெயரில் வாங்கினார்கள். 2021 டிசம்பரில் அவர்களின் பெண்கள் அணி எவ்.ஏ. கிண்ணத்தின் மூண்டாம் சுற்றில் விளையாடியது.

இதையெல்லாம் நான் ஏன் எழுதுறன் எண்டால், எங்கட ஊர்க் கழகத்தின் பெயரை மாத்த வேணும், இஞ்ச பிறந்த பிள்ளையளுக்கு அது வாயில நுழையாது எண்டு ஒரு பிரேரணை வாற பொதுக்கூட்டத்துக்கு வருகுது. நான் பெயர் இருக்கட்டும் எண்ட பக்கம்தான் கைதூக்குவன். அதோட இன்னொரு பிரேரணையும் குடுத்திருக்கிறன். இவ்வளவு வருசமாகக் கவுன்சில் மைதானத்துக்கு மணித்தியாலக் கணக்கில் வாடகை கட்டுறம். மழை பெய்தால் அதுவும் பூட்டு. மாதம் ஐந்து பவுண் எண்டு தனிக் கணக்கில் போட்டால் என்ன? இரவு வேலைக்குப் போற நான் முதல் ஆளாகப் பெயர் குடுத்திருக்கிறன். பொருளாளர் அண்ணையிட்டக் கொப்பி இருக்கு.